கல்யாணத்துக்காக ஆறு முன்பற்களை ராவிக் கேப் போடலாமா?

3 பிப்ரவரி 2024 – பெரியபட்டினத்து வாசகியின் கேள்வி

எனக்கு வயது 23. மே மாதம் நிக்காஹ். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பற்கள் எல்லாமே கொஞ்சம் மஞ்சள்; அதோடு முன்பல்லில் வெள்ளையும் இளம்பழுப்புமாகத் திட்டு இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் காட்டினோம். மேல்வரிசையில் ஆறு பற்களை ராவி ஜிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கான் வகைக் கேப் மாட்டிவிட்டால் பத்தே நாளில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும், ஒரு பல்லுக்கு ஏழாயிரம் ரூபாய் என்றார்கள். முன்பணம் கட்டிவிடலாம் என்கிறார் உம்மா. எனக்கு வலியும் இல்லை, சொத்தையும் இல்லை. செய்துகொள்ளலாமா அக்கா?

4 பிப்ரவரி 2024, காலை

வேண்டாம். முன்பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றாலும், பல்லில் கருவி படாதவரை நட்டம் பணத்தோடு போகும்.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் என் வாயிலேயே இருக்கிறது. நான் தங்கச்சிமடத்துக்காரி, பள்ளி ஆசிரியை. என் தந்தை தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில் வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயது நிறையும்வரை நாங்கள் அங்கே ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம். குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. அது பயன்பாட்டுக்கு வந்தது 2013-இல். அதற்கு வெகுகாலம் முன்பே எனக்கும் என் தங்கைக்கும் பற்கள் முளைத்து, பழுப்புக் கோடுகளோடு நின்றுவிட்டன. ஊர் திரும்பிய பின் பிறந்த தம்பிக்கு முத்துப் பல். எங்கள் கடற்கரையில் தண்ணீர் என்றாலே உப்பைப் பற்றித்தான் பேச்சு என்பதால், எங்கள் பல்லில் இருப்பது என்ன என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. பல் துலக்காத பிள்ளைகள் என்றுதான் நினைத்தார்கள். நான் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளப் பழகினேன். அந்தப் பழக்கம் இன்றுவரை முழுதாக விடவில்லை.

2008-இல் எனக்குத் திருமணம் நிச்சயமானது. ஒரு மருத்துவமனையில், மேலே நான்கு முன்பற்களுக்கும் கேப் போட்டுவிடலாம், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். வேறு வழி உண்டா என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு ராவி முடித்ததும் வாய் கொப்பளிக்க எழுந்தேன். எதிரே தொட்டிக்கு மேல் கண்ணாடி இருந்தது. என் நான்கு முன்பற்களும் ஆடு கட்டும் முளைக்குச்சிகளைப் போல மெலிந்து, கூம்பி, ஒன்றுக்கொன்று தொடாமல் நின்றன. பழுப்புக் கோடு போயிருந்தது, ஆனால் பல்லும் அதோடு போயிருந்தது. தற்காலிகக் கேப் மாட்டி அனுப்பினார்கள். ஊசியின் வேகம் இறங்கியதும் பாம்பன் பாலத்துக் காற்று உதட்டில் பட்டாலே பல் கூசியது.

கல்யாணப் படங்களில் நான் அழகாகத்தான் இருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆறு ஆண்டுகளில் ஈறு சற்றே மேலேற, கேப்புக்குள் இருந்த உலோகத்தின் விளிம்பு ஈற்றோரம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. 2016-இல் ஒரு பல்லின் நரம்பு செத்து, கேப்பைத் துளைத்து வேர் சிகிச்சை செய்தார்கள். 2021-இல் நான்கையும் கழற்றிவிட்டு ஜிர்கோனியாவுக்கு மாறினேன். கேப் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் முடிந்துபோகிற வேலை அன்று. 23 வயதில் தொடங்குகிறவர் வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் தங்கை 2013-இல் மதுரையில் வேறொரு மருத்துவரிடம் போனாள். மென்மையான அமிலமும் நுண்ணிய தேய்ப்புத் துகளும் கலந்த பசையைத் தடவி, மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலத்தை மட்டும் தேய்த்தெடுத்தார்கள். பிறகு மூன்று வாரம் வெளுப்பு மருந்து. பழுப்பு போய்விட்டது; கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற வெண்மேகம் போன்ற சாயல் மிச்சமிருக்கிறது. அவளுடைய பற்கள் எல்லாம் அவளுடையவை. ஒரே வீட்டில் ஒரே தண்ணீரைக் குடித்த இருவரில் யாருடைய வழி உங்களுக்கு வேண்டும்?

4 பிப்ரவரி 2024, இரவு

காலையில் மனத்தாங்கலில் எழுதிவிட்டேன். அளவுகளையும் சொல்ல வேண்டும். பல்லின் மேலுறையான எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப் பொருள். அதைச் சுரந்த உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அதனால் தேய்த்தெடுத்த எனாமல் மீண்டும் வளராது. நகம் வளரும், எலும்பு கூடும், எனாமல் மட்டும் திரும்ப வராது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் வெளித்தெரியும் பல்லில் எவ்வளவு போகிறது என்று எடைபோட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது: வெனீர் என்கிற முன்தகட்டுக்கு, அதன் வடிவத்தைப் பொறுத்து 3 முதல் 30 சதவீதம், முழுக் கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். உங்களுக்குச் சொன்ன ஆறு கேப் என்பது, ஆறு நல்ல பற்களில் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கை இழப்பதாகும்.

6 பிப்ரவரி 2024

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் என்னைப் போல ஃப்ளூரைடுதான் என்று நேற்றுத் தனிக்கடிதத்தில் எழுதினேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். திட்டு இடது முன்பல் ஒன்றில் மட்டுமே இருக்கிறது, பக்கத்துப் பல்லில் சுத்தமாக இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ளூரைடுக் கறை தண்ணீரோடு வருவது. ஒரே காலத்தில் உருவாகும் பற்கள் எல்லாவற்றிலும், இடமும் வலமும் ஒத்தபடி வரும். என் பல்லில் அப்படித்தான் இருந்தது. ஒற்றைப் பல்லில் மட்டும் திட்டு இருந்தால், சிறுவயதில் அந்த இடத்துப் பால்பல்லில் அடிபட்டதா, சீழ் பிடித்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பால்பல்லின் வேருக்கு மேலே, எலும்புக்குள், நிலைப்பல் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். கீழே விழுந்த அடி அதன் எனாமலைக் குலைத்துவிடும். மூன்று வயதில் திண்ணையிலிருந்து விழுந்து வாய் கிழிந்ததாக உங்கள் உம்மாவே நினைவுகூர்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். படம் பார்த்து நான் சொல்வதைவிட, நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டால் உங்களுக்குப் பெரிய நன்மை உண்டு. திட்டு ஒரு பல்லில்தான் இருக்கிறது, அதற்காக மற்ற ஐந்தையும் யாரும் தொடவே வேண்டியதில்லை.

8 பிப்ரவரி 2024

இரண்டாவது மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்கிறீர்கள். முதலில், அவர் மாநிலப் பல் மருத்துவக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ‘என் பல்லில் எவ்வளவு ராவுவீர்கள்? ராவாமல் செய்ய வழி இருக்கிறதா? பத்து ஆண்டு கழித்து இது உடைந்தால் அடுத்தது என்ன?’ என்று நேராகக் கேளுங்கள். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் பல்லைக் கொடுக்கலாம்.

செலவுக்குத் தயங்குகிறவர்கள், ஆலோசனைக்கு மட்டுமாவது அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே தொடங்கியிருக்கிறார்கள். விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர் சொல்லும் கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இடைவெளிக்கும் காரணம் பார்க்கச் சொல்லுங்கள். மேலுதட்டை ஈற்றோடு பிணைக்கும் சவ்வு மடிப்பு சிலருக்குத் தடித்து, இரு பற்களுக்கும் நடுவே இறங்கியிருக்கும். சிலருக்கு ஈறு நோயால் பல் விலகும். அப்படியானால் நோயைத் தீர்க்காமல் இடைவெளியை அடைப்பதில் பொருளில்லை.

9 பிப்ரவரி 2024

ராமநாதபுரத்தில் பார்த்த மருத்துவர் உங்களுக்குச் சொன்னது: முதலில் பல் சுத்தம், பிறகு வீட்டிலேயே வெளுப்பு, பிறகு திட்டுக்குப் பிசின் ஊட்டல் (நீர்த்த பிசினைத் திட்டுக்குள் ஊறவிடுவது), கடைசியாக இடைவெளிக்கு இருபுறமும் காம்போசிட் (பல் நிறத்தில் ஒட்டி இறுக்கும் பிசின் கலவை). கேப் எதுவும் வேண்டாம். இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

11 பிப்ரவரி 2024

வெளுப்பு பற்றிப் பலர் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மருத்துவமனையில் உட்கார்ந்து செய்வதில் ஏறத்தாழ 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வரை பயன்படுத்துகிறார்கள்; ஈற்றில் பட்டால் புண்ணாகும் என்பதால் முதலில் ஈற்றை மூடிக் காப்பிடுவார்கள். வீட்டு முறையில், உங்கள் பல்வரிசைக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டில், 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு பசையைத் துளியாக இட்டு, இரவில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அந்த 10 சதவீதப் பசையிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ 3.5 சதவீதம்தான். வேலை மெதுவாக நடக்கும், கூச்சம் குறைவாக இருக்கும். 1989-இல் முறைப்படி எழுதி வெளியிடப்பட்டதிலிருந்து மருத்துவர்கள் நம்பிப் பயன்படுத்தும் வழி இது. கூச்சம் எடுத்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாட்டலாம். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை உதவும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

வெளுப்பு மருந்து உங்கள் சொந்தப் பல்லை மட்டுமே வெளுக்கும். ஏற்கனவே அடைத்த பொருளையும் கேப்பையும் வெளுக்காது. ஆகவே வெளுப்பை முதலிலும், நிறம் பொருத்தும் காம்போசிட் வேலையைப் பின்னாலும் வைத்திருக்கிறார் உங்கள் மருத்துவர்.

அடுப்புக்கரி, செங்கல்பொடி, உப்பும் எலுமிச்சையும் என்று வீட்டு வைத்தியம் சொல்கிறவர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள். எங்கள் பாட்டி பனை மட்டை எரித்த சாம்பலில்தான் பல் துலக்கினார். அவர் பல் வெள்ளையாக இருந்தது உண்மை, எழுபது வயதில் ஈற்றோரம் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்து போயிருந்ததும் உண்மை. சொரசொரப்பான பொடி கறையோடு எனாமலையும் சுரண்டும். எலுமிச்சையோ அமிலம், எனாமலைக் கரைக்கும். மேலுறை மெலிய மெலிய உள்ளே இருக்கிற மஞ்சள் டென்டின்தான் இன்னும் பளிச்சென்று தெரியும்.

12 பிப்ரவரி 2024

ஒரு திருத்தம். வெளுப்பு முடிந்த ஒரு வாரத்தில் காம்போசிட் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் பொறுப்பதே சரி என்று என் மருத்துவர் சொன்னார். எனாமலில் தங்கிய ஆக்சிஜன், பிசின் இறுகிப் பிடிப்பதைக் கெடுக்கும். பல்லின் நிறமும் ஓரளவு இறங்கி நிலைப்பட அவ்வளவு நாள் தேவை. பெரியபட்டினத்துத் தங்கைக்குக் கணக்கு இப்படி வருகிறது: 23-ஆம் தேதியோடு வெளுப்பை முடித்தால், மார்ச் 9-இல் மற்ற வேலைக்கு உட்காரலாம். நோன்பு தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

18 பிப்ரவரி 2024

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர், வெற்றிலைக் கறைக்கும் இதே வெளுப்புதானா என்று கேட்கிறார். இல்லை. என் மாமியார் அறுபது ஆண்டாக வெற்றிலை போடுகிறவர். பாக்கோடு சிப்பிச் சுண்ணாம்பு தடவித்தான் மடிப்பார். அவர் பல்லைக் கறுப்பு என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கறை பல்லுக்கு வெளியே, பற்காறையோடு சேர்ந்து படிந்தது. போன ஆண்டு பேத்தியின் புதுநன்மைக்கு முன் அழைத்துப்போய் இரண்டு முறை சுத்தம் செய்ய வைத்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும், “இது என் பல்லா, இல்லை மாட்டிவிட்டீர்களா?” என்று மருத்துவரைக் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று ஊரில் சொல்வது தவறு. பல்லிடுக்கை அடைத்திருந்த காறை போனதும், ஈறு முன்பே இறங்கிய இடம் வெளித்தெரிகிறது. காறைதான் ஈற்றை இறக்கியது. வெற்றிலையோடு புகையிலை சேர்க்கிறவர்கள், கறையைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தின் உட்புறத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். வெள்ளைத் தடிப்போ ஆறாத புண்ணோ இருந்தால் அழகு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

25 பிப்ரவரி 2024

கேப் வேண்டாம் என்றால் வெனீராவது போடலாமே, நடிகைகள் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்று உங்கள் உம்மா கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் ஒட்டுகிற பீங்கான் தகடு. அரை மில்லிமீட்டருக்கு முன்பின்னான கனம். இதற்கு மூலம் சினிமாதான். அமெரிக்காவில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹாலிவுட் நடிகர்களுக்குப் படப்பிடிப்பின்போது மட்டும் மாட்டிக் கழற்றுகிற மெல்லிய முகப்புகளைச் செய்துகொடுத்தார். பல்செட்டு ஒட்டும் பொடியைக் கொண்டு ஒட்டுவது, படப்பிடிப்பு முடிந்ததும் எடுத்துவிடுவது. அடியில் இருந்த பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பீங்கானை நிரந்தரமாக ஒட்டும் வழி 1980களில்தான் கைகூடியது. அதற்குப் பிறகுதான், ஒட்டுவதற்காகப் பல்லை ராவும் வழக்கமும் பெருகியது.

நல்ல கையில் வெனீர் அருமையான சிகிச்சை; எனாமலுக்குள்ளேயே ராவலை நிறுத்தினால் பல்லாண்டு நிற்கும். காம்போசிட்டைப் போலக் கறை பிடிக்காது. பெரிதாக உருக்குலைந்த முன்பற்களுக்கும், வெளுப்புக்கு மசியாத ஆழ்ந்த கறைக்கும் நான் அதை மறுக்க மாட்டேன். உங்கள் உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: காம்போசிட் பிடிக்கவில்லை என்றால் ஐந்து ஆண்டு கழித்தும் வெனீருக்குப் போகலாம், வெனீருக்காக ராவிய பிறகு திரும்பி வர முடியாது.

2 மார்ச் 2024

கேப்புக்கு எதிராகவே எழுதுகிறேன், என் பேச்சைக் கேட்டு யாரோ வேர் சிகிச்சை செய்த பல்லைக் கேப் இல்லாமல் விட்டுவிட்டால் பொறுப்பு யாருடையது என்று ஒரு மருத்துவ மாணவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரி. முதல் நாள் என் எழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது.

என் தம்பி விசைப்படகில் போகிறவன். மூன்று ஆண்டுக்கு முன் வலை இழுக்கும்போது இரும்புக் கொக்கி முகத்தில் அடித்து, ஒரு முன்பல் பாதிக்கு மேல் முறிந்து நரம்பு வெளியே தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருவதற்காகக் காத்திருந்து, அப்போது வேர் சிகிச்சை செய்து, உள்ளே தூண் வைத்து, மேலே கேப் போட்டார்கள். அவனுக்குக் கேப்தான் சரியான வழி. தாங்குவதற்குப் பல்லே மிச்சமில்லை. அதேபோல வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லுக்கு, மெல்லும்போது பிளந்துவிடாமல் இருக்கக் கேப் பெரும்பாலும் வேண்டும். உடைந்த பல்லைக் காப்பாற்றப் போடும் கேப்பை நான் குறை சொல்லவில்லை. நிறத்துக்காக முழுப் பல்லை ராவிப் போடும் கேப்பைத்தான் இன்னும் குறை சொல்கிறேன்.

10 மார்ச் 2024

நேற்று வேலை முடிந்தது என்ற செய்தியும் படமும் பெரியபட்டினத்துத் தங்கையிடமிருந்து வந்தன. முழுதும் எழுத அனுமதி கேட்டேன். உம்மாவின் சம்மதத்தோடு கொடுத்திருக்கிறார்கள்.

நிறம் பார்ப்பதை முதலிலேயே செய்துவிட்டார் மருத்துவர். பல் வடிவிலான சிறு சிறு மாதிரிகள் 16 கோத்த பட்டை ஒன்று இருக்கும். ஏ1, பி1, ஏ2 என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் அவற்றை ஒவ்வொன்றாக உதட்டோரம் பிடித்துப் பார்த்தாராம். வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தாலே பல் உலர்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். வேலைக்கு நடுவில் நிறம் தேர்ந்தெடுத்தால் அந்தப் பொய் வெள்ளையில் ஏமாந்துவிடுவோம். உம்மா எல்லாவற்றிலும் வெள்ளையான மாதிரியைக் கேட்க, மருத்துவர் அதைத் தங்கையின் கண்ணின் வெண்விழிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டி, பல் கண்ணைவிட வெளுப்பாக இருந்தால் முகத்தில் பல் மட்டும்தான் தெரியும் என்றாராம். உம்மா ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு திட்டு. அந்த இடத்து எனாமல் நுண்துளைகளோடு இருந்ததால், உள்ளே புகுந்த காற்றும் நீரும் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டின. நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலப் பசையை இரண்டு நிமிடம் வைத்துத் துளைகளைத் திறந்து, உலர்த்தி, 1.52 எண் கொண்ட நீர்த்த பிசினை ஊறவிட்டால், எனாமலுக்கும் துளைக்கும் உள்ள வேறுபாடு சுருங்கித் திட்டு மங்கிவிடுகிறது. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிவதும் இதே காரணத்தால்தான். திட்டின் பழுப்பு ஓரம் வெளுப்பிலேயே போயிருந்தது. நடுவில் கடுகளவு வெள்ளை மட்டும் நிற்கிறது. அடிபட்டதால் வந்த திட்டு ஆழமாக இறங்கியிருக்கும், முழுதாகப் போகாது என்று முன்பே சொல்லியிருந்தாராம்.

கடைசியில் இடைவெளி. ஒன்றரை மில்லிமீட்டரை இரு பல்லுக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார். 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடத்துக்குள் தடவிக் கழுவி, பிணைப்புத் திரவம் பூசி, காம்போசிட்டை அரிசி அளவு எடுத்து வைத்து, நீல ஒளியில் இறுக்கி, மறுபடி அரிசி அளவு. ஊசி இல்லை, ராவல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் 1955-இல் எழுதாவிட்டால், இன்றைக்கும் இந்தத் தங்கைக்கு இப்படி ராவாமல் ஒட்டும் வழி இருந்திருக்காது.

14 மார்ச் 2024

நண்டு. இதை எழுத மறந்துவிட்டேன். கடற்கரைப் பிள்ளைகள் நமக்கு நண்டுக் காலை முன்பல்லில் வைத்து உடைப்பது மூச்சு விடுவதைப் போன்ற பழக்கம். காம்போசிட்டும் வெனீரும் அதைத் தாங்காது. பனங்கிழங்கின் நாரை முன்பல்லால் இழுத்து உரிப்பதும், பூத்தொடுக்கும் நூலைக் கடித்து அறுப்பதும் கூடாது. இஃப்தாருக்கு நண்டு ரசம் இருந்தால், உடைத்துக் கொடுக்க வீட்டில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

27 மார்ச் 2024

தெத்துப்பல்லுக்கும் எத்துப்பல்லுக்கும் என்ன செய்வது என்று மண்டபத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகனுக்குப் பதினான்கு வயதாம். இடம் மாறிய பல்லை இடத்துக்கு நகர்த்துவதுதான் முறை, அதாவது க்ளிப். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதற்கென்று தனிமேற்படிப்புப் படித்த பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள். பல்லை ராவி நேராகக் காட்டுகிற வேலையை இந்த வயதில் யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். க்ளிப்பில் மாட்டும் ரப்பர் வளையம் நிறமில்லாததாக இருந்தால் அழகாக இருக்கும் என்று கேட்காதீர்கள்; மஞ்சள் போட்ட மீன்குழம்பை ஒரு வேளை சாப்பிட்டாலே அது மஞ்சளாகிவிடும். என் மாணவிகள் வாயில் தினமும் பார்க்கிறேன். சாம்பல் நிறமோ நீலமோ போட்டால் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத அலைனர் தட்டு ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் மகன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற பிள்ளையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எதைச் செய்தாலும், முடிந்த பின் மருத்துவர் கொடுக்கும் தாங்கு தட்டை மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும்.

9 ஜூன் 2024

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. படங்களில் தங்கை வாய்விட்டுச் சிரிக்கிறார், கை மடியில் இருக்கிறது. நான் முதலில் பார்த்தது பல்லை அல்ல, அந்தக் கையைத்தான்.

போன வாரம் வலப் பக்கக் காம்போசிட்டின் ஓரத்தில் குண்டூசி முனையளவு பெயர்ந்துவிட்டதாம். நூல்தான், கல்யாண வீட்டில் பூச்சரத்தைக் கடித்து அறுத்திருக்கிறார். மருத்துவர் துளி காம்போசிட் வைத்து மெருகேற்றி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

எனக்கு இரண்டாவது கேப் ஆடத் தொடங்கியிருக்கிறது. அடியில் சொத்தையா, ஒட்டுப் பசை விட்டதா என்று கழற்றினால்தான் தெரியுமாம். தடைக்காலம் முடிந்து தம்பி கடலுக்குப் போவதற்குள், புதன்கிழமை அவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போகிறேன்.